நாளைக்கு ஏட்டு

அந்த ஸ்டேஷனுக்குள் கொதித்துக்கொண்டு போனவர்கள் யாரும் கொதித்துக்கொண்டே திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதற்கு முழுமுதற் காரணம் ஏட்டு. வாசலுக்கு நேராக ஒரு பெஞ்ச் கிடக்கும். ஃபேன் காற்று அந்தப் பெஞ்சை மட்டும் எட்டாது. வருகிறவரை அதில் உட்கார வைப்பார். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பார். "பசங்க என்ன படிக்கிறாங்க?" என்று அக்கறையாக விசாரிப்பார். அடிபட்டவர் அடியை மறந்து மகனின் மார்க்கைப் பற்றிப் புலம்பத் தொடங்குவார். அப்புறம் ஏட்டு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சொந்தத் தம்பியிடம் சொல்வது போல், "இன்ஸ்பெக்டரம்மா வெளிய போயிருக்காங்க, நாளைக்கு வாங்க" என்பார்.

நாளைக்கு வந்தால் மறுபடியும் தண்ணீர், மறுபடியும் பசங்க படிப்பு. இப்படி நடையாய் நடந்து செருப்பு தேய்ந்ததும், புகார் கொடுக்க வந்தவரே "விட்டுத் தொலைங்க ஐயா" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். ஊரில் அவருக்கு நாளைக்கு ஏட்டு என்றே பெயர். முடிவெட்டும் கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் காதிலும் விழும். விழாத மாதிரி நடப்பதில் அவர் கெட்டிக்காரர்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். யாரிடமும் கை நீட்டியதில்லை. லாக்கப்பில் இருப்பவன் மேல் கூட அந்தக் கை ஓங்கியதில்லை. எழுதுவதற்கும் அந்தக் கை எழாது என்பதுதான் சிக்கல். கேஸ் எழுதினால் கோர்ட்டு, கோர்ட்டென்றால் சாட்சி, சாட்சியென்றால் அலைச்சல். எதற்கு வம்பு? பாதிச் சண்டை தானாகவே ஆறிப்போகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கேஸ் குறைந்த ஸ்டேஷன் என்று மேலிடத்தில் வேறு பாராட்டிவிட்டார்கள். கேட்க வேண்டுமா, மனிதர் அதையே ஒரு பொதுச்சேவையாக நினைத்துக்கொண்டார்.

இந்த ஊரில் அவருடைய பட்டப்பெயர் தெரியாத ஒரே ஜீவன் அவர் பெற்ற பெண். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும். அவளுக்கு அப்பா என்றால் வீராதி வீரன். காரணம், சின்ன வயதில் அவள் சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் அவர் அள்ளிவிட்ட கதைகள். மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவித் திருடனைப் பிடித்த கதை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தத் திருடனைப் பிடித்தது வேறொரு கான்ஸ்டபிள். நம்மாள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏணி பிடித்தவருக்கும் அதில் பங்கு உண்டுதானே என்று அவர் மனசாட்சி சமாதானம் சொல்லியிருந்தது.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காவல்துறை வேலையை அறிமுகம் செய்யும் திட்டம். சனிக்கிழமைதோறும் காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஸ்டேஷனுக்கு வருவார்கள். அவர்களுக்கு இளங்காவலர் என்று பெயர், ஆளுக்கொரு நீலத் தொப்பி, ஒரு விசில். கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் காவலர் பயிற்சிப் பள்ளியில் நடக்கும் முகாமுக்கு அனுப்புவார்கள். இதை யார் தலையில் கட்டுவது என்று இன்ஸ்பெக்டரம்மா சுற்றிப் பார்த்தபோது, மற்ற போலீஸ்காரர்கள் எல்லாரும் ரோந்துக்குப் பறந்திருந்தார்கள். நிதானமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்.

"ஏட்டையா, நீங்க பாத்துக்கங்க. உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

"சரிங்க மேடம்" என்றார் ஏட்டு, பிள்ளைகளையும் பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம் என்ற தைரியத்தில்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பாப்பா நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் சல்யூட் அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளாகவே பெயர் கொடுத்திருக்கிறாள். அவர் மனைவி தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமல், "நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்க ஸ்டேஷன்தானேன்னு போட்டேன். ஏன், மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள்.

ஏட்டு அவசரமாக மூஞ்சியைச் சரிசெய்துகொண்டார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த நாய் பொழப்பு? லீவு உண்டா, நேரத்துக்குச் சோறு உண்டா? நின்னு நின்னு என் காலப் பாரு, நரம்பு எப்படிச் சுருண்டு கெடக்குது" என்று பேண்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். அவர் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. ஸ்டேஷனில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாப்பா பார்க்கக் கூடாது. இந்த வேலை பிடிக்காமல் அவள் தானாக ஓட வேண்டும், அதுவும் சீக்கிரமாக ஓட வேண்டும். மகளையே பெஞ்சில் உட்கார வைத்து ஆற வைத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

முதல் சனிக்கிழமை, துப்பாக்கி பார்க்கலாம் என்று வாயைப் பிளந்துகொண்டு வந்த பிள்ளைகளை வெயிலில் அட்டென்ஷனில் நிற்க வைத்தார். "போலீஸ் வேலைன்னா முக்கால்வாசி நிக்கிறதுதான். நில்லுங்க." யாரும் வராத சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் ஒருத்தர்கூட வர மாட்டார்கள் என்று குஷியாக இருந்தார் ஏட்டு. பார்த்தால், அடுத்த வாரம் இரண்டு பேர் கூடுதலாக வந்திருக்கிறார்கள். யார் அசையாமல் நிற்பது என்று அவர்களுக்குள் பந்தயம் கட்டிவிட்டார்களாம்.

பின்பக்கம் பறிமுதல் வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைத் துடைக்கச் சொன்னார். ஒரு வண்டி சீட்டுக்கு அடியில் எலி குட்டி போட்டிருந்தது. கராத்தே கற்றுக்கொண்டவன் என்று பெருமையடித்த ஒரு பையன் அலறிக்கொண்டு மதில் மேல் ஏறிவிட்டான். பாப்பாவோ எலிக்குஞ்சுகளைத் தொப்பியில் அள்ளி ஓரமாக விட்டுவிட்டு, எஞ்சின் நம்பரைத் தேய்த்துப் படித்து, இந்த வண்டி யாருடையது, சொந்தக்காரருக்கு ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்டாள். ஏட்டு இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.

வீட்டிலும் நிம்மதி போயிற்று. பால் பொங்கி வழிந்தால் அம்மாவை நிற்க வைத்து விசாரணை. "சம்பவம் நடக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?" என்பாள். "உன் பாவாடைக்கு ஹூக் தைச்சுக்கிட்டு இருந்தேன்டி, கழுத!" என்பாள் அம்மா. "பாத்த சாட்சி இருக்கா?" சாட்சி சொல்லக் கூப்பிட்டு விடுவாளோ என்று ஏட்டு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொள்வார்.

மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு நாள் காலை முழுக்கப் பிள்ளைகளே புகார் வாங்கட்டும். பக்கத்து ஹாலில் மேஜை போடுவது, தெரிந்தவர்களைப் புகார்தாரர்களாக நடிக்க வைப்பது, அன்றைக்கு நன்றாகச் செய்கிறவரை முகாமுக்கு அனுப்புவது. "நடிக்கிறதுக்கு ஆள் ஏற்பாடு பண்றது உங்க பொறுப்பு, ஏட்டையா. பசங்ககிட்ட யாரு என்னன்னு சொல்லிடாதீங்க. நெஜம் மாதிரி இருக்கணும்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது ஏட்டுக்கு. மனுஷப்பிறவிகளில் எது ரொம்பக் கழுத்தறுக்குமோ அதைத் தேடிப் பிடித்தார். டீக்கடைக்காரரைக் குடிகாரராக வரச் சொன்னார். டீக்கடைக்காரரின் மனைவியை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழும் பெண்ணாக வரச் சொன்னார். மூன்றாவது, தன் மனைவியின் தம்பி. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவன் பேச ஆரம்பித்தால் கடிகாரம் கூட நின்று கொட்டாவி விடும். "மச்சான், நீ நடிக்கவே வேண்டாம். சும்மா பேசு, போதும்" என்றார் ஏட்டு. "பாருங்க மாமா, பின்னிடுறேன்" என்றான் அவன்.

அந்த நாளும் வந்தது. டீக்கடைக்காரர் தள்ளாடி வந்து, மேஜைக்கு முன்னால் விழுந்து, எழுந்திருக்க மறந்து அப்படியே நிஜமாகவே தூங்கிவிட்டார். அதிகாலையில் கடை திறக்கிற மனுஷர், பாவம். அடுத்து வந்த மச்சினன், மோட்டார் சைக்கிள் தொலைந்துவிட்டது என்று ஆரம்பித்தவன், "இதுக்குத்தான் தம்பி முன்கூட்டியே ஒரு பாலிசி எடுத்திருக்கணும்" என்று மேஜைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளிடம் பிரீமியம் விளக்கத் தொடங்கிவிட்டான். பாப்பா அவன் சொன்னது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டி நிறம் என்ன சார்?" என்றாள். சொந்த மாமனைச் சார் என்கிறாள்! அவன் திகைத்து, "நிறம் மாமா சொல்லித் தரலையே" என்று உளறிவிட்டான்.

ஏட்டு அவனைச் சட்டையோடு பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், துருப்பிடித்த வண்டிகளுக்கு நடுவில் நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஹாலிலிருந்து கொல்லென்று ஒரு சிரிப்பு கேட்டது. டீக்கடைக்காரர் மனைவி வந்துவிட்டாள் போல, அழ வேண்டியவள் சிரிக்க வைக்கிறாளே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இஸ்திரி போடும் அம்மா. நடிக்க வந்தவள் இல்லை. முக்கு ரோட்டில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவள். அவளுடைய இஸ்திரிப் பெட்டியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நாள்கணக்கில் வந்து ஏட்டிடம் மன்றாடிக்கொண்டிருந்தவள். ஏட்டும் தண்ணீர் கொடுத்து, பசங்க படிப்பை விசாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். "ஒரு அம்மா வருவாங்க, வந்தா ஹாலுக்கு அனுப்பு" என்று கேட்டில் நின்ற புதுக் கான்ஸ்டபிளிடம் காலையில் சொல்லியிருந்ததும் அவரேதான். டீக்கடையில் கூட்டம், டீக்கடைக்காரர் மனைவி வரவில்லை. இந்த அம்மா வழக்கம் போல வந்திருக்கிறாள். அவன் சல்யூட் அடித்து உள்ளே அனுப்பிவிட்டான்.

சின்னப் பிள்ளைகள் நாற்காலியில் இருப்பதைப் பற்றி அந்த அம்மா கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. ஃபேன் காற்று வரும் இடத்தில் உட்காரச் சொன்னதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"இதுக்கு முன்னாடி இங்க வந்து சொல்லியிருக்கீங்களாம்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"வந்தேனே. வந்துக்கிட்டே இருக்கேனே."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ஏட்டுகிட்ட. பேரெல்லாம் தெரியாது பாப்பா. நாளைக்கு ஏட்டுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அவரு தண்ணி குடுப்பாரு, எம்பையன் என்ன படிக்கிறான்னு கேப்பாரு, அப்புறம் நாளைக்கு வாங்கம்பாரு. எனக்குப் பையனே இல்லன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். மறுபடி வந்தா மறுபடி கேப்பாரு."

ஹால் அதிர்ந்தது. கராத்தே பையன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பாப்பாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா தன்னையே கேலி செய்துகொண்டு இப்படி ஒரு ஆளைத் தயார் பண்ணி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துப் பெருமையில் பூரித்துப்போய்ச் சிரித்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "பிரமாதம் ஏட்டையா! தன்னையே கிண்டல் பண்ணிக்கப் பெரிய மனசு வேணும்" என்றார்.

ஏட்டு பல்வலிக்காரர் மாதிரி சிரித்துவைத்தார். வேறென்ன செய்வார்? அந்த அம்மா நிஜம் என்று சொன்னால், அவள் சொன்னதும் நிஜம் என்றாகிவிடும். நடிப்பு என்று விட்டுவிட்டால், அதற்கப்புறம் பாப்பா என்ன கேட்பாளோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

"பெட்டி இப்ப எங்க இருக்குன்னு தெரியுமாம்மா?" என்று பாப்பா கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பழைய இரும்புக் கடையில பாப்பா. வாசல்லயே வெச்சிருக்கான். தினம் பாத்துக்கிட்டேதான் போறேன். கேட்டா, போலீஸோட வான்னு வெரட்டுறான்."

"அப்ப நாம ஏன் இங்க உக்காந்திருக்கோம்?" என்று பாப்பா எழுந்துவிட்டாள். தொப்பிகளெல்லாம் எழுந்தன. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஒரே உற்சாகம், "போங்க, போங்க, நானும் வரேன்" என்று தானும் கிளம்பிவிட்டார். ஏட்டு வாசலுக்கு ஓடி வந்து, கையை விரித்து வழிமறித்தார்.

"பாப்பா, போதும்டா. நல்லா செஞ்சீங்க. எல்லாரும் டீ குடிக்கப் போலாம்."

"கேஸ் பாதியில நிக்குதுப்பா. தள்ளுங்க" என்றாள் மகள்.

இரும்புக் கடைக்காரர் கல்லாவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். தெருமுனையில் விசில் ஊதிக்கொண்டு நீலத் தொப்பிப் படை திரும்புகிறது, பின்னால் இன்ஸ்பெக்டரே வருகிறார். மனிதர் குச்சியை விழுங்காத குறை. யாரும் ஒரு வார்த்தை கேட்பதற்குள் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் உள்ளே ஓடி ஓடி, ஒரு சாக்கடை மூடி, ஒரு தண்ணீர்க் குழாய், கடைசியாக அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூட மணியையே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "சத்தியமா இவ்வளவுதான் மேடம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். கடைக்காரர் என்னமாய் நடிக்கிறார் என்று அவர்களுக்கு ஆச்சரியம். இஸ்திரி போடும் அம்மா தெருவோரமாகவே உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே பழைய கரிச்சாம்பல் அப்படியே இருந்தது. மூடினாள், திறந்தாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். "இது இல்லாம வீடு வீடாப் போய்ப் பாத்திரம் தேய்ச்சேன் பாப்பா" என்று பாப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பாப்பாவின் கை அந்த அம்மாவின் கைக்குள் இருந்தது. உள்ளங்கை முழுக்கச் சூடுபட்டுக் காய்த்துப்போன தழும்பு. அது எந்த நாடகத்துக்காகவும் வந்த தழும்பு கிடையாது.

பாப்பா நிமிர்ந்தாள். "அப்பா, இவங்க யாருப்பா?"

ஏட்டு குனிந்து பள்ளிக்கூட மணியைத் தூக்கி ஓரமாக வைத்தார். இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டரம்மா அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். வெளியே வரும்போது ஏட்டின் காது இரண்டும் சிவந்திருந்தன. நேராக மேஜைக்குப் போய் உட்கார்ந்து, அந்த அம்மாவின் புகாரைத் தன் கையாலேயே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எழுதினார். கூடவே சாக்கடை மூடியையும் மணியையும் எழுத வேண்டியிருந்தது. விரல் மரத்துப்போனது. பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். பாப்பா அவருக்காகக் காத்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனார். தொப்பியும் விசிலும் தையல் மெஷின் மேல் கிடந்தன. பாப்பா கூடத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகாமுக்கு அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டரம்மா போனிலேயே சொல்லிவிட்டாராம். கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாளாம்.

"நீங்க நெனச்சது நடந்துடுச்சு. புள்ளைக்கு விட்டுப்போச்சு. சந்தோஷமா இருங்க" என்றாள் மனைவி. நூல் அறுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சந்தோஷமா? ஏட்டு சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நல்ல சுவர் பார்த்து முதுகைச் சாய்க்கும் மனிதர், அன்றைக்குச் சாயவில்லை.

"ஏன்பா அப்படிப் பண்ணீங்க?" என்றாள் பாப்பா.

வழக்கமாக இருமுவார். அன்றைக்கு இருமல் வரவில்லை. அலைச்சல், கோர்ட்டு, சோம்பல், பழகிப்போனது, மேலிடத்துப் பாராட்டு என்று ஒவ்வொன்றாக உளறிக்கொட்டினார். அவள் குறுக்கே பேசவில்லை. அவர் நிறுத்தின இடத்தில் எல்லாம் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். காலையில் அந்த அம்மாவிடம் கேட்ட அதே குரல்தான். கேட்கக் கேட்க, மொட்டைமாடித் திருடனும் வெளியே வந்துவிட்டான், ஏணியும் வந்துவிட்டது.

"இதெல்லாம் நீ பாக்கக் கூடாதுன்னுதான் பாப்பா, உன்ன வெரட்டப் பாத்தேன். உங்கண்ணுல நான் எறங்கிடக் கூடாதுன்னு பயம். வேற ஒண்ணுமில்ல."

பாப்பாவின் கண் நிறைந்துவிட்டது. "எறங்கிட்டீங்க" என்றாள். "அது கூடப் பரவால்லப்பா. அந்தம்மா உங்களப் பத்திச் சொல்லும்போது நான் சிரிச்சேன். மேஜையில உக்காந்துக்கிட்டு, அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே சிரிச்சேன். நாங்க எல்லாரும் சிரிச்சோம். அவங்க மட்டும் சிரிக்கல. அது கூட எனக்குத் தெரியலப்பா."

ஏட்டுக்குத் தாங்கவில்லை. தன்னை யாரும் திட்டலாம், இன்ஸ்பெக்டர் திட்டலாம், ஊரே திட்டலாம். தான் செய்த காரியத்துக்குப் பிள்ளை கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. இத்தனை நாளும் எந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பாடுபட்டாரோ, அந்த "போலீஸ் வேலையே வேண்டாம்" இப்போது வந்துவிடுமோ என்று பயந்தார்.

"முகாமுக்குப் போறியா?" என்று கேட்டார். "போடா பாப்பா. அப்பாவப் பாத்து வெறுத்துப் போயிடாத. நீ போயே ஆகணும்."

பாப்பா மூக்கை உறிஞ்சினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுடைய அம்மாவுக்கு அளவு சரியில்லாத ஜாக்கெட்டைப் பார்க்கும்போது வரும் பார்வை அது.

"போறேன்" என்றாள். "போய்த்தான் ஆகணும். உங்கள நம்பி அந்த ஸ்டேஷன விட்டு வைக்க முடியாது."

பெற்ற மகள் தன்னை முகத்துக்கு நேராக லாயக்கில்லாதவன் என்கிறாள். ஏட்டு பொங்கிப் பொங்கி அழுதார், அழுதுகொண்டே ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். சர்வீஸில் எத்தனையோ பேர் எப்படியெல்லாமோ பாராட்டியிருக்கிறார்கள். இந்த ஏச்சைக் கேட்டுத்தான் அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது.